பதினோரு மணிக்கு மேல் பறித்த ஆவாரம்பூ

என் ஆராய்ச்சிக்கு ஆவாரம்பூ வேண்டியிருந்தது. மதுரை நாட்டுமருந்துக் கடைகளில் காய்ந்த பூ கிடைக்கும். எங்கே, எப்போது பறித்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. அதனால் எழுமலையில் இருக்கும் என் அத்தையிடம், அப்பாவின் தங்கையிடம், கேட்டேன். அவர்கள் நிலத்தை ஒட்டிய வண்டிப்பாதை நெடுக ஆவாரஞ்செடிதான்.

எதையும் பட்டியலாக எழுதினால்தான் எனக்கு நிம்மதி. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, காலை பதினோரு மணிக்கு மேல் பறிக்கவும். இரண்டு, விரிந்த பூ மட்டும். மூன்று, துணிப்பையில் வைக்கவும். நான்கு, அன்றே அனுப்பவும்.

முதல் வரிக்குக் காரணம் பனி. ஈரத்தோடு பறித்தால் பூ கருத்துப்போகும். எட்டு மணிக்கெல்லாம் பனி காய்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று பதினொன்று போட்டேன். எந்த எண்ணிலும் கொஞ்சம் கூட்டிவைப்பது ஆய்வகத்துப் பழக்கம்.

இரண்டு வருடம், பூ இருக்கும் மாதங்களில், வாரம் ஒருமுறை அத்தை பறித்தார். பை பேருந்து நடத்துனர் கையில் வரும். ஆரப்பாளையத்தில் நின்று வாங்கிக்கொள்வேன். பூ வாடாமல் வந்ததா என்று மட்டும் அத்தை போனில் கேட்பார்.

அந்தப் பூவின் சாற்றைத் தட்டில் வளர்த்த தோல் செல்களுக்குக் கொடுத்து, மறுநாள் புற ஊதா விளக்கின் கீழ் வைப்பேன். வெயில் தோலுக்கு முதுமை தருவதை அப்படித்தான் ஆய்வகத்தில் பார்ப்பது. சாறு பெற்ற செல்கள் அதிகம் பிழைத்தன. தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜனும் அவற்றில் அவ்வளவாகச் சிதையவில்லை. எந்தத் தட்டுக்கு எத்தனை வினாடி ஒளி என்று குறித்துவைத்தேன். விளக்கைப் போடும்முன் எனக்கும் ஒரு பட்டியல் உண்டு: கையுறை, நீளக்கை அங்கி, முகம் முழுதும் மறைக்கும் கவசம். ஒருநாளும் தவறியதில்லை.

கடைசிப் பை வந்த அடுத்த மாதம், பெரியப்பா பேத்தியின் காதுகுத்தில் அத்தையைப் பார்த்தேன். நேரில் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. இரண்டு கன்னத்திலும் மூக்கின்மேலும் கருந்திட்டாக மங்கு படர்ந்திருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்த மாமா, அத்தையின் கணவர், சிரித்தார்.

"ஒங்க அத்தைக்கு இப்ப வெயில்தேன் பவுடரு. நீ பூக் கேட்டாலும் கேட்ட, கடிகாரத்தப் பாத்துல்ல காட்டுக்குப் போறா."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அத்தையும்தான். நான் அவரைத் தனியே அழைத்துப்போய், எட்டு மணிக்கே பறித்திருக்கலாம் என்றேன்.

"எட்டு மணிக்கா? அந்நேரம் புல்லறுக்க அந்தச் செடியத் தாண்டித்தான மருமகளே போவேன். வீட்டுக்கு வந்து சோறாக்கிட்டு, பூவுக்குன்னு மறுக்காப் போவேன். நீ பதினொண்ணுன்னுல்ல எழுதியிருந்த."

குற்றம் சொல்லும் குரல் இல்லை. பிறகு கன்னத்தைத் தொட்டபடி கேட்டார்: "அந்தச் சாறு இதுக்குக் கேக்குமா?"

அதையும் நான் செய்து பார்த்திருந்தேன். ஒளி பட்ட பிறகு சாறு கொடுத்த தட்டுகளில் பலன் இல்லை. என் குறிப்பேட்டில் அது ஒரே வரி.

"அது மொகத்துல போடுற பக்குவத்துக்கு இன்னும் வரல அத்தை. வந்தாலும், வெயில் படுறதுக்கு முன்னாடி போட்டாத்தான் காக்கும்."

"முன்னாடியா" என்று மட்டும் சொன்னார். பந்திக்கு ஆள் கூப்பிடவே எழுந்துபோனார்.

தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். களிம்பு தந்தார், மெல்லத்தான் குறையும், முழுதாகப் போகாமலும் இருக்கலாம் என்றார்.

போன வாரம் எழுமலை போனபோது, அடுப்படிச் சுவரில் என் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. பேனாவை எடுத்துப் பதினொன்றை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினேன். அத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் பூ வேணுமா?"

வேண்டாம் என்றேன்.