ஈரம் காயாத நாற்காலி

பெயின்ட் காயவில்லை, தொடாதீர்கள் என்று ஊரையே எச்சரித்த ஒருவர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் தம் உள்ளங்கையை அதன்மீது ஏன் வைக்க வேண்டும்? புன்னக்காயலில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னை நெடுநாள் வாட்டிய கேள்வி இது. அந்த ஒருவர் என் பெரியப்பா என்பதால் குடும்ப மானமும் இதில் கலந்திருந்தது.

பக்கத்து வீட்டு மாமாவின் கால், படகில் வலை இழுக்கும் கயிற்றில் சிக்கி முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. செயற்கைக் கால் வைத்தால் மீண்டும் வேலைக்குப் போகலாம் என்று பாளையங்கோட்டை மருத்துவர் சொன்னதால், அதற்காக ஓர் ஏலம் நடத்துவது என்று எங்கள் தேவாலயப் பங்கில் முடிவாயிற்று. கோயில் ஏலம் என்றால் வழக்கமாகக் கோழியும் பூசணிக்காயும்தான் வரும். அந்த ஆண்டு, சென்னையில் ஓவியம் படித்த என் சித்தி விடுமுறைக்கு வந்திருந்தார். வீட்டுக்கொரு பழைய மரச்சாமான் கொடுங்கள், கலைப்பொருளாக்கித் தருகிறேன் என்றார். தூக்கிப்போட இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த ஊர், மிகுந்த தாராளத்துடன் கொடுத்தது.

சேகரிக்கப் போன இளைஞர் குழு, எந்த வீட்டையும் விட்டுவிடக் கூடாது என்ற சமத்துவ உணர்வோடு மாமாவின் கதவையும் தட்டியது. இல்லை என்று சொல்லக் கூசிய அத்தை, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை எடுத்துக் கொடுத்தார். விபத்துக்குப் பிறகு மாமா நாள் முழுவதும் அதில் அமர்ந்துதான் ஆறு கடலில் கலப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாளிலிருந்து அவர் கவிழ்த்துப்போட்ட மீன்பெட்டியில் உட்கார்ந்தார். அதில் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. எனக்கும்தான். வந்த சாமான்களிலேயே நான்கு கால்களும் ஒழுங்காக இருந்தது அது ஒன்றுதான் என்று நான் மகிழ்ந்தேன்.

சித்தியின் கைபட்டு, கதவிழந்த அலமாரி வாய் பிளந்த சுறாவாயிற்று. ஆடிய முக்காலி நண்டாயிற்று. பெஞ்சு முழுக்க நீல மீன்கள் நீந்தின. மாமாவின் நாற்காலியில் மட்டும் அலைகளுக்கு நடுவே ஒரு சிறு படகு. ஆனால் சித்தி எடுத்தது படகுக்கு அடிக்கும் பெயின்ட். பூசியதும் படகுக்குப் பூசும் கனத்தில். படகு வெயிலில் கிடந்து காயும். இவையோ பங்கு மண்டபத்தின் நிழலில், கழிமுகத்து ஈரக்காற்றில் நின்றன.

கடற்கரையில் அன்றாடம் மீன் ஏலம் கூறுகிற பெரியப்பாதான் இந்த ஏலத்தையும் கூறினார். கரையில் இரண்டு விதிகள் உண்டு. குவியலில் கை வைத்தவர் அதை எடுத்தாக வேண்டும். ஏலம் கூறுபவர் ஏலம் கேட்கக் கூடாது. மண்டபத்துக்குள் கூட்டம் நுழையும்போதே, “ஏலே, ஒருத்தரும் தொடாதீங்க, பெயின்ட் காயல” என்று அவர் குரல் கொடுத்தார். அதுவரை தொடும் எண்ணம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அதன்பிறகு அனைவரும் காய்ந்துவிட்டதா என்று சோதித்தார்கள்.

ஏலம் தொடங்கியதும் பெரியப்பா விலை கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஐஸ் கம்பெனிக்காரரைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, கையக் காட்டும்.”

“எதுக்கு வே?”

“சும்மா காட்டும்.”

கை சிவப்பாக இருந்தது.

“நண்டு உமக்குத்தான். பைய கூட்டிட்டுப் போம், கடிச்சிராம.”

“காஞ்சிட்டான்னுதான வே தொட்டேன்!”

“சீலா மீனத் தொட்டுட்டும் இப்படித்தான் சொல்லுவீரோ? நான் சொல்லுத வெலையக் குடும்.”

பங்குத்தந்தைக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் தம் இரு கைகளையும் முன்கூட்டியே விரித்துக் காட்டினார். சுத்தமாக இருந்தன. பெரியப்பா அவரைத் திரும்பச் சொன்னார். வெள்ளை வேட்டியின் பின்புறத்தில் இரண்டு நீல மீன்கள் தெளிவாக நீந்தின. பெஞ்சு அவருக்குப் போயிற்று.

சிரிப்பும் கூச்சலுமாகச் சாமான்கள் தீர்ந்து, கடைசியில் மாமாவின் நாற்காலி வந்தது. அதை மட்டும் ஒருவரும் தொட்டிருக்கவில்லை. அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். வாங்கி வீட்டில் போட்டுக்கொண்டால் அவருடைய இருக்கையைப் பறித்ததாகும். வாங்கி அவரிடமே திருப்பிக் கொடுத்தால் முகத்துக்கு நேரே பிச்சை போட்டதாகும். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு மாமா தரையைப் பார்த்தார். பெரியப்பா மூன்று முறை கூறியும் ஒரு குரல் எழவில்லை. படம் நன்றாக வரவில்லையோ என்று சித்தியின் கண்கள் கலங்கின.

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிதானமாகக் குனிந்து, நாற்காலியின் கைப்பிடியில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார்.

“அடடா, கை பட்டுட்டு வே.”

“வேணும்னுல்லா வச்சீரு, மச்சான்!” என்றார் மாமா.

“கையப் பாரும் மாப்ள, நீலம்! தொட்டவன் எடுக்கணும்லா. எனக்கு மட்டும் தனிச் சட்டமா?”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நான் அவமானத்தில் குறுகிப்போனேன். ஊரிலேயே மிகவும் அசட்டையான மனிதர் எங்கள் வீட்டில் இருக்கிறாரே என்று தோன்றியது.

நாற்காலி எங்கள் வீட்டுக்கு வரவும் இல்லை. “ஈரத்தோட உள்ள கொண்டுபோனா ஒங்க அக்கா என்னையும் சேத்து வெளிய தள்ளிருவா. காயுத வரைக்கும் உம்ம வாசல்ல கெடக்கட்டும் மாப்ள. அப்பப்ப உக்காந்து பாரும். உக்காந்தாத்தான காஞ்சிட்டான்னு தெரியும்?” என்று மாமாவிடம் சொல்லிவிட்டார்.

எங்கள் உடைமை என்பதால் நான் தினமும் போய் விரலால் தொட்டுப் பார்த்தேன். விரைவிலேயே விரலில் எதுவும் ஒட்டவில்லை. ஓடிவந்து, “காஞ்சிட்டு பெரியப்பா, எடுத்துட்டு வருவோம்” என்றேன்.

அவர் கடல் பக்கம் பார்த்துவிட்டு, “பகல்ல அப்படித்தான் இருக்கும் ஏட்டி. ராத்திரி கடக்காத்து பட்டா மறுபடி ஈரமாயிரும்” என்றார்.

நான் நம்பினேன். பள்ளியில் தோழிகளுக்கும் இதை அறிவியல் உண்மையாக விளக்கினேன். மாமா புதுக்கால் வைத்துப் படகு வேலைக்குத் திரும்பிய பிறகும் அந்த நாற்காலி காயவேயில்லை. பெயின்டைப் பற்றி மட்டுமே எனக்குச் சந்தேகம் இருந்தது. பெரியப்பாவைப் பற்றி இல்லை.

ஏலம் அதன்பின் ஆண்டுதோறும் நடக்கிறது. யாருக்காக நடக்கிறதோ, அந்த வீட்டுக் கதவை மட்டும் இப்போது யாரும் தட்டுவதில்லை.