ஊளையை அடக்கப் போன சனிக்கிழமை

எங்கள் திருவண்ணாமலையில் எண்பதுகளில் மைக் செட் வைத்திருந்தவர்கள் என்று பார்த்தால், என்னைத் தவிர மற்றவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஒரு பாய் நடத்திய மைக் செட் கடையில் குழாய் ஸ்பீக்கர்களுக்குப் பெயின்ட் அடிக்கச் சேர்ந்தேன். கல்யாணம் ஆவதற்குள் சொந்த செட் போட்டுவிட்டேன். ஒரு தீபத் திருவிழாவில் தேரடியில் நான் கட்டிய குழாயின் சத்தம் தாங்காமல், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, என் எதிரில் நின்று இரண்டு காதையும் பொத்திக் காட்டினார். அன்று முழுக்க அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குழாய்கள் தாமாகப் போய் மரத்தில் உட்கார்ந்துகொள்வதில்லை. ஒவ்வொன்றையும் தோளில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். கூலிக்கு வருகிறவன் கட்டினால் குழாயின் வாய் தரையைப் பார்க்கும். நான் கட்டினால்தான் சத்தம் ஊர் தாண்டும். அதனால் நானே ஏறினேன். கல்யாணத்துக்கு ஏறினேன், காது குத்துக்கு ஏறினேன், சாவுக்கு ஏறினேன். வேங்கிக்காலில் ஒரு கல்யாணத்துக்குப் புளியமரத்தில் ஏறியபோது கிளை முறிந்து விழுந்ததில் வலது முட்டி போய்விட்டது. அதற்குப் பிறகு மரத்தைப் பார்த்தாலே அலுப்பு வந்தது. ஏறுவதற்கு முன்னாலேயே உடம்பு இறங்கிவிட்ட மாதிரி இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி, அங்கே எலக்ட்ரீஷியன்.

"மாமா, ஒரு பார்ல செட் பாக்க ஆள் கேக்கறாங்க. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை காலேஜ் பசங்க வந்து இங்கிலீஷ் பாட்டு பாடுவாங்க. உன் செட்ட ஒரு தடவ கொண்டாந்து அங்கயே வெச்சிடலாம். நீ பஸ்ல வந்து போனா போதும்."

"ஏறணுமா?"

"எங்க ஏற? பொட்டிய தரையில வெக்கப் போறோம்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போனேன். அப்போது புதிதாக வாங்கியிருந்த பெட்டி ஸ்பீக்கர்களைப் பஸ் கூரையில் ஏற்றிக் கட்டி, செங்கம், கிருஷ்ணகிரி வழியாகக் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தபோது, உட்கார்ந்து வந்த எனக்கே நடந்து வந்த மாதிரி இருந்தது. அன்று ஒரு நாள் ஒழுங்காக நடத்திக் கொடுத்தால் வேலை எனக்கு. இல்லாவிட்டால் திரும்பவும் மரம்.

பார் என்றதும் நம் ஊர் ஒயின் ஷாப் மாதிரி நினைத்திருந்தேன். இது வேறு. மாடிப்படி ஏறினால் ஒரே இருட்டு, ஒரே புகை. பெரிய கண்ணாடிக் குவளையில் பீரை வைத்துக்கொண்டு பையன்கள், அவர்களுக்குச் சமமாகப் பெண்பிள்ளைகள். சுவர் முழுக்க முடி வளர்த்த ஆட்களின் படம். யாரும் யாரையும் திட்டவில்லை, ஒருத்தனும் வாந்தி எடுக்கவில்லை. முதலாளி ஒரு கன்னடக்காரர், தமிழ் தெரிந்தவர். என் பெட்டிகளைத் தட்டிப் பார்த்து, "நல்ல ஐட்டம் தான்" என்றார். "திருவண்ணாமலையில வந்து கேளுங்க, சொல்லுவாங்க" என்றேன்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மைக் பிடித்த சத்தம் ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்து மறுபடி மைக்குக்குள்ளேயே போனால் 'ஊய்'யென்று ஊளை கிளம்பும். மைக் செட்காரனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. கல்யாணத்தில் வந்தால் பந்தலே சிரிக்கும்: "டேய் செட்டு, நாய் செத்துடப் போவுது, கழுத்த விடுடா!" கட்சிக் கூட்டத்தில் வந்தால் வாடகைக்குப் பதில் அடி கிடைக்கும். அதனால் வால்யூம் திருகிலிருந்து நான் கையை எடுத்ததே இல்லை. கல்யாண வீட்டில் எனக்கு இலையை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில்தான் போடுவார்கள். வலக்கை சோற்றில், இடக்கை திருகில். ஊளை பிறப்பதற்கு முன்னால் ஒரு சின்ன முனகல் வரும். அது யார் காதிலும் விழாது, என் கைக்குத் தெரிந்துவிடும்.

பையன்கள் ஆரம்பித்தார்கள். எல்லா ஒயரும் என் மேசைக்கு வந்துதான் பெட்டிகளுக்குப் போனது. பாட்டு எனக்கு ஒன்றும் புரியவில்லை. டிரம் அடி நெஞ்சில் விழுந்தது. இரண்டு பாட்டு போனதும் கிட்டார்காரப் பையன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். கிட்டாரை என் பெட்டியின் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினான். ஒயர் மாட்டிய கிட்டாரும் மைக் மாதிரிதான், அது தெரியாத விவரம் கெட்ட பையன் என்று நினைத்தேன். முனகல் வந்தது. கை போனது. அடக்கினேன்.

பையன் குனிந்து ஒயரைப் பார்த்தான், காலால் உதைத்தான். மறுபடி பெட்டியிடம் போனான். மறுபடி அடக்கினேன். மூன்றாவது முறை அவன் பாட்டையே நிறுத்திவிட்டு இறங்கி என்னிடம் வந்தான். கூட்டம் 'ஓ'வென்று கத்தியது.

"அண்ணே, நீங்கதான் கம்மி பண்றீங்களா?" பெங்களூரிலேயே அல்சூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பையன்.

"ஊளை வந்துச்சு தம்பி. நீ பயப்படாத பாடு, நான் பாத்துக்கறேன்."

"ஐயோ அண்ணே! அது வரணும்னுதான் பொட்டிகிட்ட போய் நிக்கறேன். எத்தினி நாளா பழகியிருக்கேன் தெரியுமா?"

"எத? ஊளையா?"

"ஊளையத்தாண்ணே!"

மச்சான் என் காதில் சொன்னான்: "மாமா, கைய எடு மாமா. மொதலாளி பாக்கறாரு."

எடுத்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பையன் போய்த் திரும்பி நின்றான். முனகல் வந்தது. ஊளை பிறந்தது, வளர்ந்தது. அவன் கிட்டாரைச் சாய்க்க, அதுவும் சாய்ந்து வளைந்தது. எதிரே ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். பாய் கடையில் ஊளைக்கு ஒரு குட்டு என்று வாங்கி வளர்ந்தவன் நான். கையை அடக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் இடக்கை திருகின்மேல் இருந்தது, சத்தம் செத்துப்போயிருந்தது.

"மாமா!" என்றான் மச்சான்.

நான் எழுந்து மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன். முட்டி இழுத்தது. வேலை போயிற்று என்பது தெரிந்துவிட்டது. வரும் வாரம் போளூர் பக்கம் ஒரு காது குத்து இருந்தது. அந்த வீட்டு வாசலில் இரண்டு தென்னை. அதை நினைத்துக்கொண்டு நடைபாதையில் சுவரைப் பிடித்தபடி நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி இறங்கி வந்தார்.

"செட்டு ரொம்ப நல்லா இருக்குது. சுத்தமான சத்தம். எனக்கு வேணும்" என்றார். "நீங்க வந்து ஒயரெல்லாம் கட்டி, ஆன் பண்ணிக் குடுத்துட்டு வெளிய வந்துடணும். பசங்க மேடை ஏறினதுக்கப்புறம் நீங்க உள்ள இருக்கக் கூடாது. உங்க மச்சான் உக்காந்துக்கட்டும்."

கல்யாணமான புதிதில் ஒருத்தன் என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் ஒயரைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். என் செட்டுக்குப் பக்கத்தில் நான் இருக்கக் கூடாது என்கிறான் ஒருத்தன்! திட்டுவதற்கு வாய் வரைக்கும் வந்தது. திட்டுவதற்கும் தெம்பு வேண்டும்.

"இங்க வெளியில குந்த நாற்காலி போடுவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "போடச் சொல்றேன்."

நாற்காலி வந்தது. காலை நீட்டி உட்கார்ந்தேன். மாடியில் டிரம் அடித்தது, கூட்டம் கத்தியது. பிறகு அந்த முனகல், அதன் பின்னால் ஊளை. தெருவில் போன ஒருத்தர் நின்று மேலே பார்த்து, "என்னங்க, செட்டுல ஏதாவது கோளாறா?" என்றார்.

"இல்லிங்க, அது வேணும்னே பண்றது" என்றேன். எழுந்திருக்கவில்லை.