பனிக்குப் போன நாலு பேர்

இந்தியா பனிச்சறுக்கு விளையாடப் போகிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பனி என்றால் மீன்மேல் கொட்டுகிற ஐஸ்தான். அதிலும் பாதி, வண்டி ராயபுரம் தாண்டுவதற்குள் தண்ணீராகிவிடும். நான் கால்பந்து பார்க்கிறவன். தோற்கிற அணியைத் திட்டித் தீர்ப்பதில் எனக்கு ஒரு தனிச் சுகம் உண்டு. அந்த மாதம் திட்டுவதற்கு வேறு அணி கிடைக்கவில்லை. அதனால் குளிர்கால விளையாட்டுப் போட்டியைச் செல்போனில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா வீடு திருவொற்றியூரில், கடலோரக் குப்பத்தில். எனக்கு எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. வேலை விட்டுத் திரும்பும் வழியில் அவளிடம் ஒரு டீ குடித்துவிட்டுப் போவது, மாமா போன பிறகு ஏற்பட்ட பழக்கம். மாமா என்றால் அக்காவின் கணவர். விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஒருமுறை படகு திரும்பி வந்தது, அவர் வரவில்லை. வலை இழுத்த களைப்பில் மற்றவர்கள் கண் அசந்திருக்கிறார்கள். விழித்துப் பார்த்தால் ஆள் இல்லை. எப்போது விழுந்தார், எங்கே விழுந்தார், யாருக்கும் தெரியாது. உடலும் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கம் படகு தூரத்தில் தெரிந்ததும் கரையில் நிற்கிற பெண்கள் முதலில் தலையை எண்ணுவார்கள். என்ன மீன், எவ்வளவு மீன் என்பதெல்லாம் கயிறு கட்டின பிறகுதான். போன தலையும் வந்த தலையும் சரியாக இருந்தால் கூடையைக் கையில் எடுப்பார்கள். அன்றைக்கு அக்காவும் எண்ணியிருக்கிறாள். ஒன்று குறைந்தது. யாராவது குனிந்து கயிறு எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து மறுபடி எண்ணினாளாம். படகு வந்து இடிக்கும்வரை எண்ணிக்கொண்டே நின்றாளாம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். அதற்குமேல் கேட்க எனக்கும் தெம்பில்லை.

மாமாவின் அண்ணன் எத்தனையோ முறை வந்து பேசிப் பார்த்துவிட்டார். கரையில் ஓர் உருவம் செய்து வைத்துக் காரியத்தை முடித்துவிடலாம், போனவனுக்கும் நல்லது, இருக்கிறவர்களுக்கும் நல்லது என்றார். அக்கா மசியவில்லை.

"பாடியக் காட்டு, பொட்ட அழிச்சிக்கிறேன்" என்று ஒரே போடாகப் போட்டாள்.

யார் என்ன பேச முடியும்? தினமும் மீன் விற்கக் கிளம்பும்போது நெற்றியில் முன்னைவிடப் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு போவாள். 

தொடக்க விழா அன்று அக்காவும் என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். நம் கொடியைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் போன நாட்டுக்காரர்கள் கல்யாண ஊர்வலம் மாதிரிக் கூட்டமாகப் போனார்கள். நம் நாலு பேரும் வழி தவறி வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"நாலே பேரா?" என்றாள்.

"இதுவே ஜாஸ்தி. போய் விழுந்து வாரிக்கினு வரப்போறாங்க, பாரு" என்றேன்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் முடிவுகள் வந்தன. நம் ஆட்களின் பெயரைப் பட்டியலின் அடியிலிருந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும். ஒருவர் கடைசிக்கு முந்தின இடம். இன்னொருவரும் கிட்டத்தட்ட அங்கேதான். நாலு பேரில் ஒரே ஒரு பெண், அவள் அவளுடைய பந்தயத்தில் கடைசி. எனக்கு ரத்தம் கொதித்தது. இதற்கு எதற்கு ஏரோப்ளேன் ஏறிப் போகவேண்டும் என்று கத்தினேன்.

"வந்து சேந்துட்டாங்கல்ல? அப்பால இன்னாடா உனுக்கு?" என்று அக்கா என்மேல் பாய்ந்தாள்.

நாலாவது ஆளுக்கு மலைச்சரிவில் நட்ட கம்புகளை வளைந்து வளைந்து சுற்றி இறங்குகிற பந்தயம். ஒரு கம்பை விட்டாலும் ஆட்டம் காலி. வயதில் சின்னவன், தொடக்க விழாவில் கொடி பிடித்து வந்தவன் அவன்தான். அவன் முறை வருவதற்குள் கேமராக்காரன் ஜெயித்தவர்களைக் காட்டப் போய்விட்டான். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவன் பெயருக்கு நேரே நேரம் போடவில்லை. பந்தயத்தை முடிக்கவில்லை என்று மட்டும் இருந்தது.

"முடிக்கலன்னா? எங்க கீறான் அவன்?" என்றாள் அக்கா.

"வழுக்கி விட்ருப்பான். அப்டியே சைடா எறங்கி வந்திருப்பான்க்கா."

"வந்திருப்பானா, வந்தானா?"

பட்டியலில் அது இல்லை. ஜெயித்தவனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். முடிக்காதவனைப் பற்றி யார் எழுதுவார்கள்? சும்மா இரு அக்கா, அங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஆம்புலன்ஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் டீயைக் கொடுக்கும்போதே கேட்டாள், "அந்தப் புள்ள வந்துச்சா?" அதற்கடுத்த நாளும் கேட்டாள்.

நிறைவு விழாவை மறுநாள் சாயங்காலம் போட்டுப் பார்த்தோம். நம் கொடி வந்தது. கொடி பிடித்தவரையும் சேர்த்து மூன்றே பேர்.

"இன்னொரு தபா போடு" என்றாள்.

போட்டேன். விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மறுபடியும் போடச் சொன்னாள். 

"ஒண்ணு கொறையுதுடா."

 கிண்டல் பேச்செல்லாம் எங்கேயோ ஓடிப்போனது. செல்போனைப் பிடுங்காத குறையாக வாங்கி அந்தப் பையனைத் தேட ஆரம்பித்தேன். என் யார்டு வேலையில்கூட ஒரு கன்டெய்னர் பெட்டியை இப்படித் தேடியதில்லை. கடைசியில் யாரோ போட்டிருந்த ஒரு சின்ன வீடியோ கிடைத்தது. ஏதோ மலை ஊர். ஒரு வீட்டுக்குள் அந்தப் பையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். முழங்காலில் பெரிய கட்டு. வயதான ஓர் அம்மா தட்டில் எதையோ வைத்து, சாப்பிடு சாப்பிடு என்று அதட்டுகிறாள். அடிபட்டதால் முன்னாலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது.

"வூட்டுக்கு வந்துட்டான்" என்றாள் அக்கா. "அம்மாக்காரி திட்றா பாரு. நல்லாருக்கட்டும்."

வீடியோ முடிந்தும் அவள் செல்போனைத் திருப்பித் தரவில்லை. முந்தானையால் திரையைத் துடைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"இதுல தேடுனா ஆளுங்க கெடைக்கிறாங்களேடா. உங்க மாமாவ ஒரு தபா தேடிப் பாரேன்."

முடியாது என்று எப்படிச் சொல்வேன்? செல்போனை வாங்கி மாமாவின் பெயரை அடித்தேன். பழைய செய்தி ஒன்று வந்தது. மொத்தமே நாலு வரி. வயதைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

"இன்னா போட்டுக்கீது?"

"தேடும் பணி தொடர்ந்து நடக்குதுன்னு போட்டுக்கீதுக்கா."

"இப்போவுமா?"

"அன்னிக்கு எழுதுனது. அப்டியே கீது."

அக்கா வாசல் பக்கம் திரும்பினாள். வாசலுக்கு அந்தப் பக்கம் கடல்.

"யாருடா தேட்றாங்க? நான் ஒருத்திதான்டா தேடிகினு கீறேன்" என்றாள். "கண்ணு பூத்துப்போச்சுடா. முடியலடா என்னால."

மாமா போனதிலிருந்து அவள் வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து என்ன என்ன என்று கேட்டார்கள். பனியில் விளையாடப் போன பையன் வீடு திரும்பிவிட்டான் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? நானும் அவளோடு உட்கார்ந்து அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாமாவின் அண்ணனுக்குப் போன் போடச் சொன்னாள்.

அமாவாசையன்று கரையில் மணலால் உருவம் பிடித்துக் காரியம் செய்தோம். மாமாவின் சட்டையை அதன்மேல் போர்த்தினார்கள். அலை வந்து அதைக் கரைத்துக்கொண்டு போனது. பிறகு ஆண்களெல்லாம் கடலில் இறங்கி முழுக்குப் போட்டோம்.

தலையைத் துவட்டியபடி ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். அக்கா பெண்களுக்கு நடுவில் நின்றிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. எங்களைப் பார்த்தபடி அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான்தான் கடைசி. நான் மணலில் கால் வைக்கும்வரை அவள் கண் என்னைவிட்டு நகரவில்லை.

"வந்துட்டியா?" என்றாள்.

 தலையை ஆட்டினேன்.