கறள் பிடியாத சைக்கிள்

போர்க்காலத் தடையால் பெற்றோலும் மின்சாரமும் இல்லாத அந்த ஆண்டுகளில் சந்தைக்குப் போவதெல்லாம் சைக்கிளில்தான். கத்தரிக்காய் மூட்டையின் பாரம் தாங்காமல் என் சைக்கிளின் பார்க் கம்பி வழியில் சண்டிலிப்பாயில் முறிந்தது. வெல்டிங் கிடையாது. கொல்லர் சிரட்டைக்கரி உலையில் பித்தளையை உருக்கித்தான் ஒட்டித் தருவார். பட்டறையில் எனக்கு முன்னால் நடுவயதுக்காரர் ஒருவர் தன் சைக்கிளோடு காத்திருந்தார்.

மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதிலாக நூல் கட்டியிருந்தார். பட்டறைக்கு வரும் ஒவ்வொரு சைக்கிளின் பாரையும் விரலை மடக்கித் தட்டி, காதைச் சரித்துக் கேட்பார். பிறகு உதட்டைப் பிதுக்குவார். என்னுடையதையும் தட்டினார்.

"தம்பி, இரும்பு சரிவராது. காபன் நாரிலை சைக்கிள் செய்யிறாங்களாம், வெளிநாட்டுப் புத்தகத்திலை பாத்தனான். மழையிலை நனைஞ்சாலும் கறள் பிடியாது. ஒரு கையாலை தூக்கலாம். இரும்பைவிடக் கனகாலம் உழைக்கும்."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வெயிலில் கத்தரிக்காய் வாடிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கடை காபன் முறிஞ்சா உந்த உலையிலை ஒட்டேலுமோ, அண்ணை?"

அவர் உலையைப் பார்த்தார். "ஏலாது. எரிஞ்சுபோம்." கொஞ்சம் யோசித்தார். "காபன் சைக்கிள் ஓடுற சனத்துக்கு முறிஞ்சதை ஒட்டிற தேவை வாறேல்லைப் போலை."

கொல்லர் அவருடைய சைக்கிளை ஒட்டிக் கொடுத்தார். அதன் பாரில் பழைய பித்தளை ஒட்டுகள் முடிச்சு முடிச்சாக இருந்தன. ஊரார் சைக்கிளையெல்லாம் தட்டியவர் அதை மட்டும் தட்டவில்லை. விறகுக் கட்டைப் பின் கரியரில் ஏற்றினார். தான் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார்.

என் ஆத்திரம் அவரோடு போகவில்லை. அது அவர்மேல் அல்ல; யார்மேல் என்றுதான் இன்றுவரை விளங்கவில்லை.