தங்கை நிரந்தர வசிப்புரிமை பெற்ற வழி

என் தங்கை ஆஸ்திரேலியா சென்ற காலத்தில் நான் அரசாங்க இடைநிலைப்பள்ளியின் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். எங்கள் ஆலயப் பங்கு மன்றத்தின் செயலாளர் பொறுப்பும் என்னிடமே இருந்தது. பினாங்கில் நாங்கள் வாழும் டத்தோ கிராமாட்டில் ஒரு குடும்பத்தில் பிணக்கு என்றால் இரு தரப்பாரும் என் வீட்டுக்கு வந்து பேசித் தீர்த்துக்கொள்வார்கள். என் குடும்பத்தைப் பற்றிக் குரல் தாழ்த்திப் பேசும் தேவை எவருக்கும் அதுவரை ஏற்பட்டதில்லை. பின்னர் ஏற்பட்டது. ஆகவே, தங்கையின் முதலாமாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் நடந்ததை நடந்தபடி எழுதித் தருவது மூத்தவனாகிய என் கடமை.

தங்கை எங்கள் பெற்றோரின் கடைசிப் பிள்ளை. நேரில் அவரை 'நீ' என்றே அழைத்தேன். அச்சில் அவருக்குரிய மரியாதையைத் தருகிறேன். தாதியர் பயிற்சி முடித்து, ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றினார். துறைமுகத்தில் எழுத்தராக இருந்த நல்ல மனிதருக்கு மணமுடித்துக் கொடுத்தோம். அவர் மாரடைப்பில் மறைந்தபோது ஒரே மகள் பள்ளி மாணவி. அதன் பிறகுதான் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஒரு முதியோர் இல்லம் தங்கையை வேலைக்கு அழைத்தது. நான் வேண்டாம் என்றேன்.

"இங்கயும் மிஸ்ஸி வேலைதான், அங்கயும் மிஸ்ஸி வேலைதான். அங்க பாத்தா மக படிச்சிருவாண்ணே," என்றார். தாதியை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்போம்.

நிபந்தனை இதுதான். அந்த இல்லத்தில் தாதியாகவே, வேறு வேலைக்கு மாறாமல், குறித்த ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். அந்த அனுபவத்தின் பேரில் தாய்க்கும் மகளுக்கும் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அந்த நாட்கள் அனுபவத்தில் சேராது. விண்ணப்பம் தாயின் பெயரில் நிற்கும். தாய்க்கு ஏதேனும் நேர்ந்தால் மகளும் படிப்பை விட்டுத் திரும்ப வேண்டும். இந்தக் கடைசிச் செய்தியைத் தங்கை மிகச் சாதாரணமாகச் சொன்னார். நானும் மிகச் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன்.

முதலில் தொலைபேசியில் காணொளியாக அழைக்கும்போது அதைக் கையில் பிடித்தபடி சமையலறை, தோட்டம், துணி காயும் கொடி எல்லாம் காட்டுவார். பிறகு தொலைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்து பேசத் தொடங்கினார். அதன் பிறகு முகம் மட்டும் தெரிந்தது. ஒரு கட்டத்தில் படமே வேண்டாம், குரல் போதும் என்றார். புக்கிட் மெர்த்தாஜாமில் நடக்கும் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஊருக்கு வரச் சொன்னேன்.

"அனுபவம் முடியட்டும்ணே."

கிறிஸ்துமஸுக்கு வரச் சொன்னேன். அதே பதில். எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்லே வந்தது. 

ஆண்டுகள் நிறைவடைந்து விண்ணப்பம் அனுப்பப்பட்டது. மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. மார்பையும் இரத்தத்தையும் சோதித்தார்கள். கேட்ட கேள்விகளுக்குத் தங்கை உண்மையே சொன்னார். அன்று அவருடைய நோய்க்கு எவரும் பெயர் வைத்திருக்கவில்லை. தாதிக்குத் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. தெரிந்துகொள்வதை அவர் தள்ளி வைத்தார்; மறைக்கவில்லை.

விண்ணப்பம் அனுப்பியதற்காக இல்லத்தில் ஒரு கேக் வெட்டினார்கள். அந்தப் படம் முகநூலில் வந்தது. வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவரின் தோளைப் பற்றிக்கொண்டு தங்கை நிற்கிறார், சிரிக்கிறார். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என் அத்தை மகன் ஆலய வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"என்னா மச்சான், தங்கச்சி அங்கயே தங்க பி.ஆர். கேட்டிருக்காமே. மாப்பிள்ளையும் ரெடி போல. சொல்லவே இல்லையே லா."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்ததும் தங்கையை அழைத்தேன்.

"யாரு அந்த ஆளு?"

"நான் வாடகைக்கு இருக்குற வீட்டுக்குச் சொந்தக்காரருண்ணே. போட்டோ புடிச்சதே அவரு சம்சாரந்தான்."

"அவரு தோள்ல எதுக்குச் சாஞ்சு நிக்கிற?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் ஓசை கேட்டது.

"சாயலண்ணே. புடிச்சுக்கிட்டேன். இடது காலு நிக்க மாட்டேங்குது."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா லீவு போடுன்னுவாங்க. பி.ஆர். வர்ற வரைக்கும் வேலையில நிக்கணும். அது வந்துரட்டும், போறேன். எத்தனை பாட்டிங்கள நான் புடிச்சு நடத்தியிருக்கேன். ஒரு நாளு நான் ஒருத்தரைப் புடிச்சா ஊரே பாக்குது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

சில வாரங்களில், முதியவர் ஒருவருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கையில் தங்கை விழுந்தார். செய்தி கேட்டு வந்த வீட்டுக்காரர் தம் காரில் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். முதுகுத் தண்டில் கட்டி, அது பரவியிருந்தது. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது தங்கையால் எழுந்து உட்கார முடியவில்லை. முடிவு வருமுன் அவர் காலமானால் விண்ணப்பமும் அவரோடு முடியும். இதை அறையில் இருந்த மூவரும் அறிந்திருந்தோம்.  மருத்துவர் உள்ளே வரும்போதெல்லாம் தங்கை அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டு மகளின் கையிலிருந்த தொலைபேசியையே பார்த்தார்.

மழை பெய்த ஒரு காலையில் பதில் வந்தது. மகள் வாசித்தாள், பாதியிலேயே நிறுத்தித் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். தங்கை என்னைப் பார்த்தார்.

"அவ பேரும் இருக்காண்ணே?"

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். தாயின் பெயருக்குக் கீழே மகளின் பெயர் இருந்தது. இருக்கிறது என்றேன். "நல்லாப் பாத்துச் சொல்லு," என்றார். மீண்டும் பார்த்துச் சொன்னேன். அதன் பின்னர் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் இறைவனடி சேர்ந்தார். உடலைப் பினாங்குக்குக் கொண்டுவந்து அவர் கணவருக்கு அருகில் அடக்கம் செய்தோம். மகள் அங்கே திரும்பிச் சென்று படிப்பைத் தொடர்கிறாள்.

தங்கையை வேலையில் வைத்து உரிய சான்றுகளைக் காலத்தில் வழங்கிய இல்ல நிர்வாகத்தார்க்கும், உடன் பணியாற்றிய தாதியர்க்கும், உடலைத் தாயகம் கொண்டுவர உதவிய அன்பர்களுக்கும், அடக்கத் திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும் எங்கள் நன்றி உரியது. வீட்டுக்காரரும் அவர் துணைவியாரும் இத்திருப்பலிக்காக அங்கிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை வணங்குகிறேன்.

பேசப்பட்ட ஒன்றைத் திருத்தி முடிக்கிறேன். தங்கைக்கு நிரந்தர வசிப்புரிமை வழங்கப்பட்டது தாதியர் பணியில் அவருக்கிருந்த அனுபவத்திற்காக. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.