ரேஷன் கடை வரிசையில் ஆண்டவர் என் பொய்யை எடுத்துக்கொண்டார்

நன்றி சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நம் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் மூன்று வருடமாக மாதம் தவறாமல் ஒரே மன்றாட்டை வைத்தேன். வெளிநாட்டில் வேலை செய்யும் என் கணவர் சுகமாக இருக்க வேண்டும் என்று. நீங்களும் உருகி உருகிச் செபித்தீர்கள். அவர் வெளிநாட்டில் இல்லை.

போனது உண்மைதான். என் மகள் ஜெனி பிறந்த நாற்பதாம் நாள் கிளம்பினார். ஒரு வருடம் பணம் வந்தது. பிறகு போன் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. எப்போதோ திரும்பி வந்து திருப்பூரில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறார் என்று அவருடைய சிநேகிதர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்று நான் அழவில்லை. இதை ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று மட்டும் முடிவெடுத்தேன். புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்று நாலு பேர் பார்க்கும் பார்வை எனக்கு வேண்டாம். எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் என் வீம்புக்குப் பஞ்சம் வந்ததில்லை.

அந்த வீம்பு என்னை எதுவரை கொண்டுபோனது என்றால், லப்பைக்குடிக்காட்டுக் கடைகளில் பாரின் சாமான் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, பஸ் மாறிப் போய்ச் சோப்பும் தைலமும் வாங்கி வந்தேன். கிறிஸ்துமஸுக்கு அவர் அனுப்பியது என்று அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, நான் கொடுத்து வைத்தவள் என்றார். அன்று எங்கள் வீட்டில் கஞ்சிதான்.

நீங்கள் நம்ப நம்ப நான் தனியாகிக்கொண்டே போனேன். காய்ச்சலில் கிடந்தால்கூட, அவளுக்கென்ன குறை என்று இருந்துவிட்டீர்கள். தப்பு உங்கள்மேல் இல்லை. என்னிடம் பேசிய எல்லாரும் வேறு யாரோ ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி ஜெனி தூங்கியபின் பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன்.

போன வருடம் மழைக்காலத்தில், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாரைப் பட்டியல் எடுக்க அரியலூரிலிருந்து ஒரு சமூகப் பணியாளர் வந்தார். கவிதா என்று பெயர். எனக்கு எந்த உதவியும் தேவையில்லை, வீட்டுக்காரர் மாதாமாதம் அனுப்புகிறார் என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவர் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

என் கை எப்படி இருக்கும் என்று என்னோடு முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களுக்குத் தெரியும். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் விரல் தோலை உரித்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் தப்பாது. அதனால் ரேஷன் கடை மெஷினில் என் கைரேகை விழாது. ரேகை விழாவிட்டால் கார்டில் உள்ள போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால் அரிசி உண்டு. கார்டில் இருந்தது அவருடைய நம்பர். அந்தப் போனோ எப்போதும் அணைந்தே கிடக்கும். நான் சற்றுத் தள்ளிப் போய்ப் போனைக் காதில் வைத்து அவரோடு பேசுவதுபோல் நடிப்பேன். டியூட்டியில் இருக்கிறார் என்று சொல்லித் திரும்பிவிடுவேன். வேலை இல்லாத நாட்களில் தோல் கொஞ்சம் ஆறினால், ஏதாவது ஒரு விரலின் ரேகை விழும்.

இந்தத் தவக்காலத்துக்கு முன் இரண்டு மாதம் ஒரு விரலும் விழவில்லை. ஜெனியின் எடை ஏறவில்லை என்று அங்கன்வாடி டீச்சர் சொன்னார். அவளைத் திருச்சியில் ஒரு விடுதியில் விட்டுவிடலாம் என்று முடிவு செய்து, அவளுடைய கவுன்களை மடித்துப் பையில் வைத்தேன். அப்போதுதான் அழுதேன். மத்தியானம் ஆளில்லாத கோவிலில் முழங்காலில் நின்றேன். அவர் திரும்பி வர வேண்டும் என்று அன்று கேட்கவில்லை. "ஆண்டவரே, பிள்ளையை என்கிட்டயே விட்டுடும். அதுக்கு நான் என்ன செய்யணுமோ செய்ய வையும்" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் கடைசியாக ஒருமுறை ரேஷன் கடைக்குப் போனேன். ரேகை விழவில்லை. வழக்கம்போலத் தள்ளி நின்று, சாப்பிட்டீர்களா, நம்பர் வந்ததா என்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். காதில் வைத்திருந்த போன் சத்தமாக அடித்தது.

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பதறிப்போய் எடுத்தால், ரீசார்ஜ் செய்யச் சொல்லும் பதிவுக் குரல். இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. என் செபத்துக்கு வந்த பதில் அதுதான். அன்று யாரும் சிரிக்கவில்லை. பிலோமினா அக்கா மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அவரு வெளிநாட்டுல இல்லக்கா. எங்கள கைவுட்டு மூணு வருசமாச்சு" என்றேன்.

அக்கா வரிசையில் போய் அரிசி வாங்கி வந்தார். தன் அரிசியில் பாதியை என் பையில் கொட்டினார். கவிதா மேடத்தின் நம்பர் அவரிடம் இருந்தது. மறுநாளே மேடம் ஸ்கூட்டியில் வந்துவிட்டார். நெற்றியில் குங்குமம், கையில் ஃபைல். ஆண்டவர் யாரை வேண்டுமானாலும் அனுப்புவார். முதலில் வந்தபோது பொய் சொன்னதற்கு மேடத்திடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னைக்கே உங்க கையப் பாத்தேங்க. ஆனா நீங்களா சொன்னாத்தான் நான் எழுத முடியும்" என்றார்.

கார்டில் என் நம்பரை மாற்றினோம். கிராம நிர்வாக அலுவலரிடம், தாலுகா ஆபீஸில், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸில் என்று எத்தனை தடவை அலைந்தோமோ தெரியாது. எல்லா இடத்திலும் கணவர் எங்கே என்று கேட்டார்கள். மேடம் எனக்காகப் பதில் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றார். நானே சொன்னேன். பிள்ளை விடுதிக்குப் போகாமல் தாயிடமே வளர்வதற்கு என்றே ஓர் உதவித்தொகை இருக்கிறதாம். சில மாதம் கழித்து ஜெனிக்கு அது கிடைத்தது. மடித்து வைத்த கவுன்களை எடுத்துக் கொடியில் போட்டேன்.

தனிமை போய்விட்டது என்று சாட்சி சொன்னால் அது என் அடுத்த பொய்யாகிவிடும். சாயங்காலம் விளக்குப் போட்டதும் இன்னும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் உட்காருகிறேன். ஆனால் இப்போது முகம் வாடியிருந்தால் ஏன் என்று கேட்க உங்களில் நாலு பேர் இருக்கிறீர்கள்.

இந்த ஜூனில் ஜெனியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். படிவத்தை நிரப்பிய டீச்சர் அப்பா என்ன வேலை என்று கேட்டார். அவர் எங்களோடு இல்லைங்க என்றேன். டீச்சர் எழுதிக்கொண்டு, பிள்ளைக்கு என்ன ரத்த வகை என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மூன்று வருடம் நான் பயந்தது இந்த ஒரு வரிக்குத்தான். சகோதரிகளே, உங்களில் யாராவது அப்படி ஒரு வரியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ஆண்டவரை நம்பி ஒருவரிடமாவது சொல்லுங்கள். இன்றைக்கே என்னிடம் சொன்னாலும் சரி.