மாடி வீட்டுக்காரியின் வாக்காளர் அட்டை

நல்லது செய்கிறேன் பேர்வழி என்று ஒரு பெண்ணின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டவள் நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

கூடுவாஞ்சேரியில் எங்கள் மாடிக்கு யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி குடிவந்தாள். ஊரில் அவள் கணவனை யாரோ பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பிறகு அவளையும் தேடி வந்தார்கள். படகில் வந்திருந்தால் அகதி முகாமில் பதிந்திருப்பார்கள். இவள் சுற்றுலா விசாவில் விமானத்தில் வந்தவள். விசா முடிந்தும் திரும்பிப் போகப் பயம். கேஸ் இணைப்பு வாங்கக்கூட ஒரு காகிதம் இல்லை.

நான் பள்ளி ஆசிரியை. வாக்காளர் பட்டியல் வேலையை எங்கள் தலையில்தான் கட்டுவார்கள். "இதுக்குப் போய் இவ்ளோ கவலையா? விடு, நான் பாத்துக்கிறேன்" என்று பெரிய மனுஷி மாதிரி படிவத்தை நானே நிரப்பினேன். இந்தியக் குடிமகள், பிறந்த ஊர் தாம்பரம். அவள் கையெழுத்து மட்டும் போட்டாள். அட்டை வந்த அன்று கேசரி வேறு கிண்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இந்த வருடம், கனடாவில் இருக்கும் அவள் தம்பி அவளை அகதியாக அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தான். தாம்பரத்தில் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொந்த நாட்டுக்கு உயிர் பயத்துல போக முடியாது, வேற நாடும் ஏத்துக்கல. அப்படி இருந்தாதான் மேடம் அகதி. இவங்க இந்தியக் குடிமகள்னு எழுதிக் குடுத்திருக்காங்களே! உண்மைன்னா அகதி இல்ல. பொய்யின்னா போலீஸ் கேஸ்."

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோர இடத்தை அவள் எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் வாசலில் நின்றார். "மேல இருக்கிறவங்க சிலோனாமே? புகார் வந்துருக்கு." கையில் அந்தப் படிவத்தின் நகல். "யாரு மேடம் இதை நிரப்பினது?"

என் வேலை போய்விடும், பென்ஷன் போய்விடும். அது மட்டும்தான் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அவள் மாடிப்படி இறங்கி வந்தாள். "அக்காவுக்கு ஒண்டும் தெரியாது சேர். நான்தான் பொய் எழுதினனான்."

"அப்ப ஸ்டேஷனுக்கு வாங்க" என்றார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் உள்ளுக்குப் போங்கோ அக்கா."

நான் உள்ளே போனேன்.